குமிழைத் திருகும் முன்: ஆக்சிஜன் வைப்பதும் சளியை வெளியேற்றுவதும், வார்டு செவிலியருக்கான முழு வழிகாட்டி

மானிட்டரில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் சதவீதம், 86 என்று வந்ததும் கை தானாக ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டரின் குமிழுக்குப் போகும். நிமிடத்துக்கு 2 லிட்டர் 4 ஆகும், 4 லிட்டர் 6 ஆகும். எண் ஏறியதும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். அரை மணி நேரத்தில் மறுபடி அதே அலறல். இப்படித் திரும்பத் திரும்ப இறங்கும் நோயாளியிடம், ஆக்சிஜனின் அளவை விட அது போகும் வழியில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். மூக்கில் வைக்கும் இரட்டை முனைக் குழாயான பிராங்ஸ் மூக்கை விட்டுக் கன்னத்தில் கிடக்கும். ஆக்சிஜனை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் பாட்டிலின் மூடி மரை ஏறாமல் கசியும். மூச்சுக்குழாயில் கெட்டிச் சளி அடைத்திருக்கும். அடைப்புக்கு அப்பால் உள்ள நுரையீரல் பகுதிக்கு 15 லிட்டர் வைத்தாலும் எதுவும் போய்ச் சேராது. அங்கே போன ரத்தம் வெறுங்கையோடு திரும்பிவரும். ஆக்சிஜனையும் சளியையும் பாடப்புத்தகம் இரண்டு அத்தியாயமாகப் பிரிக்கலாம். கட்டிலருகே இரண்டும் ஒரே வேலை.

ஆளைப் பாருங்கள், அப்புறம் எண்ணை

மூச்சு எண்ணிக்கையை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கேஸ் ஷீட்டில் வரிசையாக 20, 20, 20 என்று எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டாலோ, 8-க்குக் கீழே போனாலோ, சாச்சுரேஷன் நன்றாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலை அது. கழுத்துத் தசை இழுக்கிறதா, ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேச முடிகிறதா, மார்பின் இரு பக்கமும் ஒன்றுபோல ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கைவைத்தாலே தெரியும் கரகரப்பு இருந்தால் பெரிய குழாயில் சளி நிற்கிறது. திடீரென்று ஒரு பக்கம் சத்தமே கேட்காமல் போனால் சளிக்கட்டி அடைத்திருக்கலாம், நுரையீரல் உறையில் காற்றும் புகுந்திருக்கலாம். இரண்டாவது என்றால் தட்டும் பிசியோ ஆபத்து. எக்ஸ்ரே படம் பார்க்கும் வரை கைவைக்காதீர்கள்.

விரலில் மாட்டும் கருவியும் ஏமாற்றும். விரல் சில்லிட்டிருந்தால், ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால், நகப்பூச்சோ கருப்பு மருதாணியோ இருந்தால் எண்ணை நம்பக் கூடாது. அலை ஒழுங்காக வருகிறதா, அதில் காட்டும் நாடித்துடிப்பு நீங்கள் கையால் எண்ணியதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விரலை மாற்றுங்கள், அல்லது காது மடலில் அதற்கான சென்சாரை வையுங்கள். கருமையான தோலில் இக்கருவி உண்மையை விடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை நம் ஊரில் மறக்கக் கூடாது. புகையில் சிக்கி வந்தவருக்கு 99 காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே படிக்கும்.

எவ்வளவு வேண்டும்

ஆக்சிஜன் ஒரு மருந்து. மருந்துச் சீட்டில் வெறும் ‘ஆக்சிஜன்’ என்று இருந்தால் போதாது; எந்த எண்ணுக்குள் நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு 94 முதல் 98 சதவீதம். சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்) உள்ளவர்கள், மிகுந்த உடல் பருமனால் மூச்சு குறைந்தவர்கள், முதுகெலும்பு வளைந்தவர்கள் போன்று கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92.

சிஓபிடியா என்று அறிய ‘பீடி, சிகரெட் பழக்கம் உண்டா’ என்று மட்டும் கேட்டால் பாதிப் பேரைத் தவறவிடுவோம். முப்பது வருடம் விறகடுப்பு ஊதிய அம்மாவுக்கும் அதே நோய் வரும். பழைய காசநோய் வடுக்களோடு இருக்கும் நுரையீரலும் அப்படித்தான்.

அவர்களுக்கு அதிக ஆக்சிஜன் ஏன் கெடுதல்? மூச்சுத் தூண்டல் நின்றுவிடும் என்றுதான் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அது ஒரு சிறு பங்குதான். காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தத்தை அனுப்பாமல் நுரையீரல் தானே குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும்; அதிக ஆக்சிஜன் அந்தச் சுருக்கத்தை அவிழ்த்துவிடும். ரத்தம் உதவாத இடத்துக்குப் பாயும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தேங்கும். போதாக்குறைக்கு, ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் தன்னிடம் ஒட்டியிருந்த கார்பன் டை ஆக்சைடையும் இறக்கிவிடும்.

நோயாளி தூக்கக் கலக்கமாகிறார், தலைவலி என்கிறார், உள்ளங்கை சூடாக இருக்கிறது, கையை நீட்டச் சொன்னால் படபடவென்று அடிக்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். ‘நல்லா தூங்குறார் சிஸ்டர்’ என்று அட்டெண்டர் நிம்மதியாகச் சொல்வது இந்த நேரத்தில்தான். அப்போது மாஸ்க்கைப் பிடுங்கிவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் சாச்சுரேஷன் முன்பிருந்ததை விடக் கீழே விழும். 28 சதவீத வெஞ்சுரி மாஸ்க்குக்கோ (ஆக்சிஜன் சதவீதத்தைக் கட்டுப்படுத்தித் தருவது) 1-2 லிட்டர் பிராங்ஸுக்கோ மாற்றிவிட்டு, ரத்த வாயுப் பரிசோதனைக்கு டாக்டரை அழையுங்கள்.

ஒரு விதிவிலக்கு: இதயம் நின்றவர், ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருப்பவர், நீலம் பாரித்தவர் என்றால் சிஓபிடியா என்று யோசிக்க நேரமில்லை. 15 லிட்டர், பை உள்ள மாஸ்க். நிலை சீரானபின் இறக்கலாம்.

எந்தக் கருவி, எத்தனை லிட்டர்

நேசல் பிராங்ஸ் 1 முதல் 6 லிட்டர் வரை. லிட்டருக்கு 4 சதவீதம் கூடும் என்ற கணக்கில் 2 லிட்டருக்கு 28, 4 லிட்டருக்கு 36 என்று சொல்வோம். இது அமைதியாக மூச்சு விடுபவருக்கான கணக்கு. இரைக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேலான வேகத்தில் காற்றை உறிஞ்சுவார். நீங்கள் கொடுக்கும் 4 லிட்டர் அதில் கரைந்துவிடும். பிராங்ஸின் வளைவு கீழ்நோக்கி, மூக்கின் தரையை ஒட்டிப் போகும்படி வையுங்கள். காதின் பின்புறம் பஞ்சோ காஸோ வைக்காவிட்டால் இரண்டு நாளில் புண் வரும். மூக்கு வறண்டால் நீர் சார்ந்த ஜெல்லி தடவுங்கள். வாசலின், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம்.

சாதாரண முகமாஸ்க் 5 முதல் 10 லிட்டர். 5-க்குக் கீழே வைத்தால் அவர் விட்ட மூச்சே மாஸ்க்குக்குள் தங்கி, அதையே திரும்ப இழுப்பார். ‘கொஞ்சம் குறைச்சு வைப்போம்’ என்று மாஸ்க்கில் 2 லிட்டர் ஓடும் காட்சி வார்டில் அடிக்கடி காணக் கிடைப்பது. குறைக்க வேண்டுமென்றால் பிராங்ஸுக்கு மாற்றுங்கள்.

வெஞ்சுரி மாஸ்க்தான் சிஓபிடிக்கு ஏற்றது, ஆனால் அதிகம் தவறாகப் பயன்படுவதும் அதுவே. நீலம் 24 சதவீதத்துக்கு 2 லிட்டர், வெள்ளை 28-க்கு 4, மஞ்சள் 35-க்கு 8, சிவப்பு 40-க்கு 10, பச்சை 60-க்கு 15 என்பது வழக்கமான நிறங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம் என்பதால் வால்வில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். வெள்ளை வால்வு 4 லிட்டர் ஆக்சிஜனோடு அதைப்போல் பத்து மடங்கு வெளிக்காற்றை ஜன்னல் வழியே இழுத்து, சுமார் 45 லிட்டராகத் தரும். அந்த ஜன்னலைப் போர்வை மூடினால் கலவை கெட்டு ஆக்சிஜன் சதவீதம் ஏறிவிடும். குளிருக்குக் கழுத்துவரை போர்த்தும் நோயாளியிடம் இதைத்தான் முதலில் பாருங்கள். மூச்சு 30-ஐத் தாண்டினால் லிட்டரைக் கூட்டலாம். சதவீதம் மாறாது, மொத்த ஓட்டம்தான் கூடும்.

பை உள்ள நான் ரீபிரீதர் மாஸ்க் 10 முதல் 15 லிட்டர். முகத்தில் வைக்கும் முன் உள்வால்வை விரலால் அடைத்துப் பையை நிரப்புங்கள். மூச்சை இழுக்கும்போது பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கக் கூடாது. முழுவதும் ஒட்டிப்போனால் லிட்டர் போதவில்லை, அல்லது எங்கோ கசிகிறது.

ஃப்ளோமீட்டரைப் படிக்கும்போது கண் பந்தின் உயரத்துக்கு வர வேண்டும். பந்தின் நடுவே எண். ஹியூமிடிஃபையர் பாட்டிலில் மலட்டு நீர், இரு கோடுகளுக்கு நடுவே. குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடாது. குறைந்த நீரின் மேல் புது நீரை ஊற்றாமல், கொட்டிவிட்டு மாற்றுங்கள். கசிவைக் கண்டுபிடிக்கப் பத்து நொடி போதும்: ஓட்டத்தைத் திறந்து, நோயாளி பக்கக் குழாயை மடக்கிப் பிடியுங்கள். குமிழிகள் நின்று பாதுகாப்பு வால்வு விசிலடித்தால் சரி. மடக்கியும் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால் மூடியோ பாட்டிலோ கசிகிறது. குமிழி வருகிறது என்பதை மட்டும் வைத்து ஆக்சிஜன் போகிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

சிலிண்டர் கணக்கு

பைப்லைன் இருக்கும் வார்டிலும் ஸ்கேனுக்கு அழைத்துப் போகச் சிலிண்டர்தான். கறுப்பு உடல், வெள்ளைத் தோள். பி டைப்பின் நீர்க் கொள்ளளவு 10 லிட்டர், நிறைந்தால் சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன். பெரிய டி டைப்பில் சுமார் 7000. மீட்டரில் காட்டும் அழுத்தத்தை நீர்க் கொள்ளளவால் பெருக்கினால் மிச்சம் தெரியும். பி டைப்பில் முள் 100 பாரில் நின்றால் 1000 லிட்டர். அவசரத்துக்கு 200-ஐக் கழித்துவிடுங்கள். 10 லிட்டர் ஓட்டத்தில் மீதி 800 லிட்டர் 80 நிமிடம் வரும். பிஎஸ்ஐ-யில் காட்டும் மீட்டர் என்றால் 14.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். போகவர எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்களோ அதன் இரு மடங்குக்கு வேண்டும். லிஃப்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரெகுலேட்டர் மாட்டும் முன் வால்வை ஒரு நொடி திறந்து மூடித் தூசியை ஊதிவிடுங்கள். வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் வாயில் சீறும் கசிவுக்கு முதல் காரணம் அது தேய்ந்திருப்பது அல்லது இல்லாமலே போனதுதான். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் அழுத்தத்தில் உண்டாகும் சூடே தூசியைப் பற்றவைக்கும். மரைக்கு எண்ணெய், கிரீஸ், டேப் எதுவும் கூடாது. கையில் போட்ட சானிடைசர் காய்ந்தபின் தொடுங்கள்.

சளியை நகர்த்துவது

ஆக்சிஜன் வைத்து ஆளை நிமிர்த்தி உட்காரவைத்தாயிற்று. அடுத்தது வழி. முதலில் வரிசையைச் சொல்லிவிடலாம், பலரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான்: குழாயை விரிக்கும் நெபுலைசேஷன், 15-20 நிமிடம் கழித்துப் பிசியோ, சளி வந்தபின் ஸ்டீராய்டு நெபுலைசேஷன். ஸ்டீராய்டை முதலில் கொடுத்தால் மருந்து சளியின் மேல் படிந்து, சளியோடு கோப்பைக்குப் போகும். ஆக்சிஜனால் நெபுலைஸ் செய்தால் 6-8 லிட்டர் ஓட்டம் வேண்டும். சிஓபிடி நோயாளிக்கு கம்ப்ரஸர் இயந்திரமே நல்லது. அது இல்லையென்றால் ஆக்சிஜனில் 6 நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

நோயாளியால் ஒத்துழைக்க முடிந்தால், தட்டுவதை விட அவரே செய்யும் மூச்சுச் சுழற்சி மேல். ஒரு நிமிடம் வயிறு எழ அமைதியாக மூச்சு. பிறகு 3-4 ஆழ்ந்த மூச்சு, ஒவ்வொன்றையும் 3 நொடி பிடித்துவைக்க வேண்டும். இந்த நொடிகளில்தான் பக்கத்துக் கிளைகள் வழியாகக் காற்று சளியின் பின்புறம் போய்ச் சேரும். மறுபடி அமைதி. பிறகு வாயைத் திறந்து ‘ஹா’ என்று ஒன்றிரண்டு முறை ஊத வேண்டும். ‘ஐயா, மூக்குக் கண்ணாடி துடைக்க ஹா-ன்னு ஊதுவீங்கல்ல, அப்படி’ என்றால் உடனே புரியும். நடுத்தர மூச்சு எடுத்து நீளமாக ஊதினால் அடிக்குழாய்ச் சளி மேலே வரும். நிறைய இழுத்துக் குறுக்கி ஊதினால் மேல்குழாயில் இருப்பது வெளியேறும். இருமல் கடைசியில்தான். தொடக்கத்திலேயே விடாமல் இருமச் சொன்னால் குழாய் சுருங்கி, ஆளும் களைத்துப்போவார்.

வயிற்று அறுவை முடிந்தவருக்கு வலிமருந்து வேலை செய்யும் நேரம் பார்த்து, தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடித்து இருமக் கற்றுக்கொடுங்கள். மூன்று பந்துக் கருவியைக் கையில் கொடுத்ததும் பத்தில் எட்டுப் பேர் ஊதுவார்கள். ‘ஊதாதீங்கம்மா, ஸ்ட்ராவுல இளநீர் உறிஞ்சற மாதிரி இழுங்க’ என்று சொல்லி, பந்தை 3 நொடி மேலே நிறுத்தச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. அது சுருங்கிய நுரையீரலை விரிப்பதற்கானது, சளியை எடுப்பதற்கானது இல்லை.

தட்டுவதென்றால் உள்ளங்கையைக் குவித்து, மெல்லிய துணிமேல், ஓரிடத்தில் 3-5 நிமிடம். குடம் தட்டுவது போலக் குழிவான சத்தம் வர வேண்டும். அறைவது போல வந்தால் கை தட்டையாகிவிட்டது. முதுகெலும்பு, மார்பெலும்பு, மார்பகம், விலா எலும்புக்குக் கீழே தட்டக் கூடாது. விலா முறிவு, ரத்த வாந்தியோ சளியில் ரத்தமோ, எலும்புத் தேய்வு, மூளை அழுத்தம், நுரையீரல் ரத்தக்கட்டி இருந்தால் இதைச் செய்யாதீர்கள். சாப்பாட்டுக்கு முன், அல்லது சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து. தலையைத் தாழ்த்திப் படுக்கவைக்கும் பழைய முறையை முதியவர்கள், இதய நோயாளிகள், நெஞ்செரிச்சல் உள்ளவர்களிடம் தவிர்த்துவிடலாம். ஒருக்களித்துப் படுத்தாலே பெரும்பகுதி வடியும்.

எந்தப் பக்கம் ஒருக்களிப்பது? ஒரு பக்க நிமோனியா என்றால் நல்ல நுரையீரல் கீழே. ரத்தம் புவியீர்ப்பால் கீழே அதிகம் ஓடும், அங்கே காற்றும் நன்றாக இருக்கிறது. சாச்சுரேஷன் சில நிமிடத்தில் ஏறுவதைப் பார்க்கலாம். ரத்தம் கக்குபவருக்கும் சீழ்க்கட்டி உள்ளவருக்கும் இது நேர்மாறு: கெட்ட பக்கம் கீழே, இல்லையென்றால் நல்ல பக்கமும் நிரம்பிவிடும்.

காசநோய் இல்லை என்று உறுதியாகும் வரை சளி எடுக்கும் வேலையை ஜன்னல் திறந்த இடத்தில், என்95 மாஸ்க்கோடு, மூடியுள்ள கோப்பையில் செய்யுங்கள்.

சக்‌ஷன்

குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பது தானாக இரும முடியாதவருக்கு மட்டும். ‘இரண்டு மணிக்கு ஒருமுறை’ என்ற கடிகார சக்‌ஷன் தேவையில்லாமல் குழாயின் உள்தோலைக் கிழிக்கும். கரகர சத்தம், குழாயில் தெரியும் சளி, வென்டிலேட்டர் அலையில் ரம்பப் பல், ஏறும் அழுத்தம், இறங்கும் சாச்சுரேஷன் ஆகியவைதான் அழைப்பு.

உறிஞ்சும் குழாயான கதீட்டரின் எண்ணுக்கு, மூச்சுக்குழாய் ட்யூபின் அளவை மூன்றால் பெருக்கி இரண்டால் வகுங்கள். 8 ட்யூபுக்கு 12 பிரெஞ்ச், அதாவது வெள்ளை முனை. 7-க்கு 10, கறுப்பு முனை. பாதிக்கு மேல் அடைக்கும் கதீட்டர் சளியோடு நுரையீரல் காற்றையும் உறிஞ்சி அதைச் சுருக்கிவிடும். அழுத்தம் பெரியவர்களுக்கு 80-120 மி.மீ. பாதரசம், பச்சிளங்குழந்தைக்கு 60-80. குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டுதான் மீட்டரைப் படிக்க வேண்டும். திறந்திருக்கும்போது காட்டும் எண் பொய்.

1. நோயாளிக்கு, மயக்கத்தில் இருந்தாலும், செய்யப்போவதைச் சொல்லுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.
2. 30 முதல் 60 நொடி 100 சதவீத ஆக்சிஜன்.
3. மலட்டுக் கையுறை. கதீட்டரைத் தொடும் கை வேறெதையும் தொடக் கூடாது. மற்றக் கை குழாயையும் கட்டை விரல் துளையையும் பார்த்துக்கொள்ளும்.
4. உறிஞ்சாமல் உள்ளே விடுங்கள். ட்யூபின் நீளம் வரை போதும். தடை பட்டால் 1-2 செ.மீ. பின்னிழுத்த பிறகே துளையை மூடுங்கள்.
5. சுழற்றியபடி வெளியே இழுங்கள். உள்ளே போய் வெளியே வர 15 நொடிக்குள். நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டால் நேரம் தெரியும்.
6. மறுபடி ஆக்சிஜன், ஒரு நிமிடமாவது ஓய்வு. மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.
7. வாயைக் கடைசியில். வாய்க்குள் போன கதீட்டர் திரும்ப மூச்சுக்குழாய்க்குள் போகவே கூடாது.

நாடி திடீரென்று இறங்கினால் இதயத்துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டிருக்கிறது. உடனே கதீட்டரை எடுத்து ஆக்சிஜன் கொடுங்கள். சளி கெட்டியாக இருக்கிறதென்று வழக்கமாக உப்புநீர் ஊற்றுவது பலனில்லாத பழக்கம். கீழே கிருமியைத்தான் தள்ளும். உள்ளே போகும் காற்றுக்கு ஈரப்பதம் போதவில்லை என்பதன் அடையாளம் அது, அங்கே சரிசெய்யுங்கள். ட்ராக்கி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் வைத்த ட்யூப்) உள்ளவரிடம் கதீட்டர் உள்ளேயே போகவில்லை என்றால், உள்குழாயைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அடைப்பு அதில்தான் இருக்கும், கழற்றிய நொடியே மூச்சு வரும். ட்யூபைச் சுற்றிக் காற்றடைத்த கஃப் வளையத்தின் அழுத்தம் 20-30 செ.மீ. நீர்.

இறக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும்

இலக்குக்குள் நிலையாக இருந்தால் படிப்படியாக 1-2 லிட்டருக்கு இறக்குங்கள். நிறுத்திய பின் 5 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கழிவறை வரை நடந்து வந்தபின் எத்தனை என்பதையும் குறியுங்கள். படுத்திருக்கும்போது 95 இருப்பவர் நடந்ததும் 84-க்குப் போவது உண்டு.

வீட்டில் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம்) வேண்டியவருக்குத் தினம் குறைந்தது 15 மணி நேரம் என்பதுதான் பலன் தரும் அளவு. மூச்சு வாங்கும்போது மட்டும் மாட்டிக்கொள்வதில் பலன் இல்லை. இயந்திரம் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்க வேண்டும், தூசி ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைக்க வேண்டும். பீடி கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். பூஜை விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கேஸ் அடுப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள், மூன்று மீட்டர் தள்ளி. கரண்ட் போனால் என்ன செய்வது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். ஒரு பி டைப் சிலிண்டர் 2 லிட்டர் ஓட்டத்தில் சுமார் 12 மணி நேரம் வரும். அதைத் திறக்கும் சாவி எங்கே மாட்டியிருக்கிறது என்பது வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.